மாதம் நாற்பது பக்கத்துக்கு எந்த லேசர் பிரிண்டர்?

இரவு ஒன்பதரை மணி. நாளைக் காலை வகுப்புக்கான வினாத்தாளை டியூஷன் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், எட்டுப் பக்கம். சந்தியில் உள்ள போட்டோகொப்பிக் கடை பூட்டியாயிற்று. வீட்டில் இருக்கும் மை பிரிண்டரை மூன்று மாதமாக யாரும் தொடவில்லை. அதைத் தட்டி எழுப்பினால் எழுத்து வரவேண்டிய இடத்தில் வெளிறிய கோடுகள் வருகின்றன. பிள்ளை படிக்கும் கொழும்பு வீடுகளில் "ஒரு லேசர் வாங்கிவிடலாமா" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்த சனிக்கிழமை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் தெளிவு வருவதில்லை, குழப்பம்தான் கூடுகிறது. இரண்டு பெட்டிகளும் ஒரே அளவு, இரண்டும் கறுப்பு வெள்ளை மட்டும்தான் அடிக்கும், ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல ஒன்றரை மடங்கு. "இதற்கு டோனர் மலிவு, இதையே எடுங்க" என்கிறார் ஒரு கடைக்காரர். "அதற்கு டிரம் தனியாக மாற்ற வேண்டும், வீண் செலவு" என்கிறார் அடுத்த கடைக்காரர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் நாளுக்கு ஐம்பது பக்கம் அடிக்கும் அலுவலகத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். மாதம் முப்பது நாற்பது பக்கம் அடிக்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு. அந்தக் கணக்குக்குப் போகும் முன் மூன்று சொற்கள் புரிந்திருக்க வேண்டும்: டோனர், டிரம், பியூசர்.

## தூள், உருளை, சூடு

லேசர் பிரிண்டருக்குள் மை என்று எதுவும் இல்லை. இருப்பது டோனர் என்ற தூள். கறுப்பு நிறமியும் கொஞ்சம் மெழுகும் கலந்த மிக நுண்ணிய பிளாஸ்டிக் அது. ஒரு பக்கம் அச்சாகும்போது உள்ளே நடப்பது இவ்வளவுதான்:

1. டிரம் எனப்படும் உருளையின் மேற்பரப்பு முழுவதும் மின்னேற்றப்படுகிறது. வெளிச்சம் பட்டால் அந்த இடத்தில் மின்னேற்றம் இறங்கிவிடும் தன்மை கொண்ட பூச்சு அதன்மேல் உண்டு.
2. லேசர் கதிர் ஒன்று, சுழலும் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எழுத்து வரவேண்டிய இடங்களை மட்டும் தொட்டுப்போகிறது.
3. லேசர் தொட்ட இடங்களில் டோனர் தூள் ஒட்டிக்கொள்கிறது.
4. கடதாசியின் பின்புறம் எதிர் மின்னேற்றம் கொடுக்கப்படுவதால் தூள் டிரம்மை விட்டுக் கடதாசிக்குத் தாவுகிறது.
5. பியூசர் என்ற சூடான உருளை, கிட்டத்தட்ட 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், தூளை உருக்கிக் கடதாசியோடு அழுத்திவிடுகிறது. வெளியே வரும் தாள் இளஞ்சூடாக இருப்பது இதனால்தான்.

முதல் நான்கு படிகளின் அடிப்படை போட்டோகொப்பி இயந்திரத்திலிருந்து வந்தது. செஸ்டர் கார்ல்சன் 1938இல் அமெரிக்காவில் செய்துகாட்டிய முறை. அதில் லேசரைப் புகுத்தியவர் செராக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர். 1971இல் அவருடைய இயந்திரம் ஓடத் தொடங்கியது. மேசைமேல் வைக்கக்கூடிய அளவுக்கு அது சுருங்கி வந்தது 1984இல், எச்பி லேசர்ஜெட் என்ற பெயரில். விலை 3,495 டொலர். அதன் உள்ளே இருந்த அச்சு இயந்திரம் கனன் நிறுவனத்துடையது. வெளியே எச்பி, உள்ளே கனன் என்ற அந்த உறவுக்கு தூள் நிரப்பித் தரும் நம் ஊர் ரீஃபில் கடைகளில் இன்றும் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

## தூள் காயாது

மை பிரிண்டரில் மை திரவம். தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக அது சொட்டுச் சொட்டாகத் தெறிக்கிறது. வாரக்கணக்கில் சும்மா இருந்தால் துளை வாயில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க இயந்திரம் தானே மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சுக்குள் தள்ளுகிறது. மாதம் ஒரு தடவை மட்டும் அச்சிடும் வீட்டில் வாங்கிய மையில் கணிசமான பங்கு கடதாசியைப் பார்க்காமலே போய்விடும். தொட்டியில் மை ஊற்றும் எப்சன், கனன் வகைகள் பக்கச் செலவை நன்றாகக் குறைத்தன. ஆனால் உலரும் இயல்பை அவற்றாலும் மாற்ற முடியவில்லை.

டோனர் ஏற்கனவே உலர்ந்த தூள். ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்குப் போய் மே மாதம் திரும்பி வந்து பட்டனை அழுத்தினாலும் முதல் பக்கமே சரியாக வரும். குறைவாக அச்சிடும் வீட்டுக்கு லேசர் பொருந்துவதற்கு முதல் காரணம் இதுதான். வேகம், பக்கச் செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழில் அச்சிடுபவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. 'க' வுக்கும் 'க்' உக்கும் இடையில் இருப்பது ஒரு சிறு புள்ளி. மெல்லிய கடதாசியில் மை பரவினால் அந்தப் புள்ளி தலைக்கோட்டோடு கலந்துவிடும். 'ண', 'ன' சுழிகள் அடைபடும். தூள் பரவுவதில்லை. மலிவான லேசரும் 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள், கொடுப்பதால் சிறிய எழுத்தில் இரண்டு பத்தியாக அடித்த கடந்தகால வினாத்தாளும் தெளிவாக நிற்கும்.

நிறம் வேண்டுமானால் கதை வேறு. கலர் லேசருக்கு நான்கு டோனர் வேண்டும், பெட்டியும் பெரிது, விலையும் பெரிது. பிள்ளையின் சுற்றாடல் ஒப்படைக்கு ஆண்டில் நாலு கலர்ப் பக்கம் தேவைப்பட்டால் அதைக் கடையில் அடிப்பதே புத்தி.

## உங்கள் வீட்டில் எத்தனை பக்கம்?

கடைக்குப் போகும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: கடந்த மூன்று மாதத்தில் கடையில் எத்தனை பக்கம் அடித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உயர்தர மாணவர் ஒருவர் இருக்கும் வீடு, வீட்டிலேயே டியூஷன் நடத்தும் வீடு என்றால் எண் பெரிதாக வரும். மற்ற வீடுகளில் மாதம் நாற்பதைத் தாண்டினாலே பெரிது.

இனி ஒரு கணக்கு. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை; கடையில் சொல்லும் விலையை அந்தந்த இடத்தில் போட்டு நீங்களே திரும்பச் செய்து பார்க்கலாம்.

முதல் இயந்திரம்: பெட்டி 40,000 ரூபா. 1,000 பக்கம் தரும் டோனர் 14,000 ரூபா. பக்கத்துக்கு 14 ரூபா.

இரண்டாம் இயந்திரம்: பெட்டி 60,000 ரூபா. 2,600 பக்கம் தரும் டோனர் 20,000 ரூபா. பக்கத்துக்கு எட்டு ரூபாவுக்கும் குறைவு.

இரண்டிலும் பெட்டியோடு வரும் டோனர் 700 பக்கம் ஓடும் என்று வைப்போம். ஐந்து ஆண்டு பாவனை.

1. மாதம் 40 பக்கம், ஐந்து ஆண்டில் 2,400 பக்கம். முதல் இயந்திரத்துக்கு மேலதிகமாக இரண்டு டோனர்: மொத்தம் 68,000. இரண்டாவதற்கு ஒரு டோனர்: மொத்தம் 80,000. பக்கச் செலவு ஏறத்தாழப் பாதியாக உள்ள இயந்திரம் 12,000 ரூபா கூடுதலாக முடிகிறது.
2. மாதம் 200 பக்கம், ஐந்து ஆண்டில் 12,000 பக்கம். முதலாவதற்குப் பன்னிரண்டு டோனர்: 2,08,000. இரண்டாவதற்கு ஐந்து: 1,60,000. இப்போது நிலைமை தலைகீழ்.
3. இந்த விலைகளில் இரண்டும் சமமாகும் இடம், சராசரியாகப் பார்த்தால், மாதம் 65 பக்கம் அளவில்.

அதாவது, பக்கச் செலவு குறைவு என்பதற்காகப் பெட்டிக்கு அதிகம் கொடுப்பது நாற்பது பக்க வீட்டுக்கு நட்டம். "டோனர் மலிவு" என்ற கடைக்காரரின் வாதம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் பக்க எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். முதல் கணக்கில் 68,000ஐ 2,400 ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 28 ரூபாவுக்கு மேல் வருகிறது, கடதாசிச் செலவு தனி. தெருக்கடையில் அதைவிடக் குறைவாக அடித்துத் தருகிறார்கள் என்றால், காசை மட்டும் பார்த்தால் கடைதான் வெல்லும். மேலே கொடுக்கும் காசு இரவு ஒன்பதரை மணிக்கான விலை. அது உங்களுக்குப் பெறுமதியா என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

## "1,000 பக்கம்" என்றால் என்ன?

டோனர் பெட்டியில் எழுதியிருக்கும் பக்க எண்ணிக்கை ஐஎஸ்ஓ 19752 என்ற சர்வதேச அளவுமுறைப்படி எடுக்கப்பட்டது. அந்தச் சோதனைப் பக்கத்தில் ஏறத்தாழ 5 சதவீத இடத்தில்தான் கறுப்பு இருக்கும். ஒரு சிறு கடிதத்தின் அளவு. நெருக்கமாக அடித்த வினாத்தாள், நிழல் போட்ட வரைபடம், கறுப்புப் பின்னணியில் வரும் ஸ்லைடு எல்லாம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தூள் குடிக்கும். போனில் எடுத்த அடையாள அட்டைப் படத்தை மேசையின் நிழலோடு சேர்த்து அடிப்பதும் அப்படித்தான். படத்தின் ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு அடித்தால் தூள் மிஞ்சும்.

புது இயந்திரத்தோடு வருவது பல மாதிரிகளில் முழு டோனர் அல்ல. 'ஸ்டார்ட்டர்' என்று சொல்லும் அரைகுறை டோனர். 500 பக்கமா, 700ஆ, 1,500ஆ என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். விவரப் பட்டியலில் எழுதியிருக்கும், கேட்டு வாங்குங்கள். நாற்பது பக்க வீட்டுக்கு இந்த எண் முக்கியம். 700 பக்கம் என்றால் முதல் டோனர் வாங்கும் நாளுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

'மாதாந்தக் கொள்ளளவு 10,000 பக்கம்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது இயந்திரம் தாங்கும் உச்ச எல்லை. வீட்டுக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

## டிரம் எங்கே இருக்கிறது?

மலிவு லேசர்கள் இந்த இடத்தில் இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன.

முதல் குடும்பத்தில் டோனரும் டிரம்மும் கார்ட்ரிட்ஜ் என்ற ஒரே கூட்டுக்குள். எச்பி, கனன் சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவை இப்படி. டோனர் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிரம்மும் புதிதாகிவிடும். அதனால் கார்ட்ரிட்ஜ் விலை சற்று உயரம்.

இரண்டாவது குடும்பத்தில் இரண்டும் தனித்தனி. பிரதர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூள் தீர்ந்தால் தூள் கூட்டை மட்டும் மாற்றலாம்; டிரம் தனியாக நிற்கும். பிரதரின் எச்எல் எல்2300 வரிசையில் டிரம் 12,000 பக்கம் என்று கணக்கிடப்பட்டது. மாதம் 40 பக்கம் அடிக்கும் வீட்டில் அது தீர 25 ஆண்டு வேண்டும். தாள் தாளாக அடித்தால் ஒவ்வொரு முறையும் அச்சுக்கு முன்னும் பின்னும் டிரம் சும்மா சுழல்வதால் ஆயுள் குறையும், உண்மைதான். பாதியாகக் குறைந்தாலும் பிள்ளை பல்கலைக்கழகம் முடித்துவிடும். ஆகவே "டிரம் தனிச் செலவு" என்ற பயமுறுத்தல் வீட்டுக்குப் பொருந்தாது.

இந்த இரண்டுக்கும் வெளியே, தூளை வீட்டிலேயே ஒரு குழாயால் உள்ளே தள்ளி நிரப்பும் எச்பி நெவர்ஸ்டாப் 2019இல் வந்தது. பெட்டியோடு 5,000 பக்கத்துக்கான தூள் வரும். நாற்பது பக்க வீட்டுக்கு அது பத்து ஆண்டுச் சாப்பாடு; விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் யோசிக்கலாம், பெரிதாக இருந்தால் வேண்டாம்.

## ஒரிஜினல், கொம்பட்டிபிள், ரீஃபில்

உள்ளூர் நிலைமை உண்மையில் தீர்மானிப்பது இங்கேதான். டோனர் இறக்குமதிப் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாவைத் தாண்டியது. அதன்மேல் வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். ஒரிஜினல் டோனரின் விலை பெட்டி விலையில் மூன்றில் ஒன்றுக்குப் போவது இதனால் மட்டுமல்ல. பெட்டியை மலிவாகக் கொடுத்து டோனரில் இலாபம் எடுப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். நம் சந்தையில் அதன்மேல் டொலரும் ஏறியது.

ஆகவே கொம்பட்டிபிள் டோனர், அதாவது வேறு நிறுவனம் அதே அளவில் செய்த கார்ட்ரிட்ஜ், இங்கே தாராளமாக ஓடுகிறது. மேலே போட்ட முதல் கணக்கில் 14,000 ரூபா டோனருக்குப் பதில் 4,000 ரூபா கொம்பட்டிபிள் போட்டால் ஐந்து ஆண்டு மொத்தம் 48,000. பக்கத்துக்கு 20 ரூபா. வித்தியாசம் பெரிது. அப்போது கேள்வி "எந்த இயந்திரம் நல்லது" என்பதிலிருந்து "எந்த இயந்திரத்துக்குக் கொழும்பில் எங்கும் டோனர் கிடைக்கும்" என்பதற்கு மாறிவிடுகிறது.

கனன் எல்பிபி 2900 போன்ற ஒரு பழைய இயந்திரம் இன்னும் பாவனையில் இருக்கும் இரகசியம் இதுதான். அதன் 303 கார்ட்ரிட்ஜும் எச்பியின் பழைய 12ஏயும் உருவத்தில் ஒன்றே எனலாம். இரண்டும் 2,000 பக்கம். எச்பி 85ஏயும் கனன் 325உம் அதேபோல ஒரு சோடி, 1,600 பக்கம். வெளியே எச்பி, உள்ளே கனன் என்று முன்பு சொன்னது இதுதான். கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் சிப் இல்லை, அல்லது சிப் தொல்லை இல்லை. இரண்டு திருகைக் கழற்றித் தூள் நிரப்பத் தெரிந்தவர்கள் தாராளம்.

புது மாதிரிகளில் சிப் ஒரு விடயம். சில எச்பி இயந்திரங்களில் 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற ஏற்பாடு உண்டு. எச்பி அல்லாத சிப் பொருத்திய கார்ட்ரிட்ஜை அது தடுக்கும், மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு நேற்று வேலை செய்தது இன்று நின்றுபோகவும் கூடும். மாதிரிப் பெயரின் முடிவில் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும் எச்பி இயந்திரங்கள் இன்னும் ஒரு படி மேலே: எப்போதும் இணையத் தொடர்பும் எச்பி கணக்கும் கேட்கும், ஒரிஜினலைத் தவிர வேறெதையும் ஏற்காது. வெளிநாட்டில் மலிவாகத் தெரிந்தது பலவேளை இந்த வகைதான்.

ரீஃபில் செய்வதில் தவறில்லை, ஆனால் மூன்று விடயம் கவனியுங்கள்.

1. டிரம் கூட்டோடு சேர்ந்த வகையை இரண்டு மூன்று தடவைக்கு மேல் நிரப்பினால் டிரம்மின் பூச்சு தேய்ந்து பக்கம் முழுக்கச் சாம்பல் படியும், அல்லது நெடுக ஒரு கோடு விழும்.
2. எல்லாத் தூளும் எல்லா இயந்திரத்துக்கும் பொருந்திவிடாது. உருகும் வெப்பம் மாறினால் எழுத்து விரலோடு வந்துவிடும்.
3. தூள் சிந்தினால் உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, கையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சுடுநீர் பட்டால் பிளாஸ்டிக் இளகித் துணியில் பிடித்துவிடும். வீட்டு வெக்கியூம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது. அதன் பை பிடிக்காத அளவு நுண்ணிய தூள் மறுபக்கத்தால் அறை முழுக்கப் பரவும்.

## லண்டன் சித்தப்பாவும் கனடா அண்ணாவும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "அங்கே விலை குறைவு, வரும்போது கொண்டுவரச் சொல்லட்டா?"

கனடாவிலிருந்து என்றால் வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. மடிக்கணினி சார்ஜர் இரண்டையும் தாங்கும். லேசர் பிரிண்டர் தாங்காது. பியூசரின் சூடாக்கி ஒரு வோல்ட் அளவுக்கென்றே செய்யப்பட்டது. இங்கே செருகிய கணத்தில் எரிந்துபோகலாம். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த இயந்திரங்களும் இதே கதைதான். அங்கே 100 வோல்ட். பின்புறத் தகட்டில் 220–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பாவித்த லேசர் எதையும் வாங்கக் கூடாது.

லண்டன் 230 வோல்ட், நம் 13 அம்பியர் பிளக்கும் அதே மூன்று சதுரக் கால்தான். அதனால் ஓடும். ஆனால் டோனர் எண் மாறும். அதே பிரதர் எல்2300 வரிசைக்கு ஐரோப்பாவில் டிஎன் 2310, 2320. அமெரிக்காவில் டிஎன் 630, 660. ஆசியாவில் வேறு எண்கள். கொழும்புக் கடையில் உங்கள் எண்ணைக் கேட்டால் தலையாட்டி மறுப்பார்கள். உள்ளூர் வொரண்டியும் கிடைக்காது.

## பெயரில் ஒட்டியிருக்கும் எழுத்துகள்

மாதிரி எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. 'டபிள்யூ' இருந்தால் வைஃபை. 'என்' இருந்தால் வலையமைப்புக் கேபிள். 'டி' இருந்தால் டூப்ளெக்ஸ், அதாவது தாளின் இரு பக்கமும் தானாக அடிக்கும் வசதி.

வீட்டுக்கு இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம்? என் தெரிவு வைஃபைக்கு. அச்சிட வேண்டியவை பெரும்பாலும் போனில்தான் வந்து சேர்கின்றன. ஐபோனுக்கு ஏர்பிரிண்ட், ஆன்ட்ராய்டுக்கு மோப்ரியா என்ற இரண்டு பெயரும் விவரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனிச் செயலி இல்லாமலே போனிலிருந்து அடிக்கலாம். கூகிள் கிளவுட் பிரிண்ட் வேலை செய்யும் என்று பழைய பெட்டியில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள், அந்தச் சேவை 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு மூடப்பட்டது. மலிவு மாதிரிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும். ரவுட்டரில் அந்த அலைவரிசை அணைந்திருந்தால் "பிரிண்டர் தெரியவே இல்லை" என்று நாள் முழுக்கத் தேட வேண்டிவரும். மேலே புகழ்ந்த எல்பிபி 2900இல் யூஎஸ்பி மட்டும்தான். கணினி இல்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம்.

டூப்ளெக்ஸ் அடுத்தது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதைக் கண்ட நாட்டில் தாளின் மறுபக்கத்துக்கு மதிப்பு உண்டுதான். ஆனாலும் மாதம் நாற்பது பக்கத்துக்குத் தாளைக் கையால் திருப்பி வைப்பது பெரிய வேலையல்ல. விலை வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஸ்கேனர் சேர்ந்த வகை, பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் அடிக்கடி பிரதி கொடுக்க வேண்டிய வீட்டுக்கு உதவும். மற்றவர்களுக்குப் போன் கமெராவே போதும்.

## மின்சாரமும் ஈரமும்

பியூசர் சூடேறும்போது சிறிய லேசரும் சில விநாடிகளுக்குப் பல நூறு வாட் இழுக்கும். பழைய வீடுகளில் அந்தக் கணம் பல்ப் ஒருமுறை கண் சிமிட்டும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஸ்திரிக்கைப் பெட்டியும் கேத்தலும் செருகியிருக்கும் நீட்டிப்புப் பலகையில் இதையும் சேர்க்காதீர்கள்.

யூபிஎஸ்ஸில் மாட்டுவது இன்னும் பிழை. வீடுகளில் இருக்கும் 650 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். பியூசர் எழுந்ததும் அது கத்திக்கொண்டு அணையும், கணினியையும் கூட்டிக்கொண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கிய மாதிரி, தாள் பாதி போகும்போது கரண்ட் நின்றால் மூடியைத் திறந்து, சற்று ஆறவிட்டு, தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் இழுங்கள். பியூசர் பக்கத்தில் விரலை வைக்காதீர்கள்.

கொழும்பில் மலிவு லேசரின் நிரந்தர எதிரி ஈரப்பதம். கடதாசி காற்றிலுள்ள நீரைக் குடிக்கும். ஈரமான தாளுக்கு மின்னேற்றம் சரியாகப் பிடிக்காததால் எழுத்து வெளிறும். பியூசரில் நீர் ஆவியாகும்போது தாள் அப்பளம் போலச் சுருளும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். கடலோரப் பக்கம் யன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் ஒக்டோபர் மழையில் "பிரிண்டர் பழுது" என்று தோன்றுவதில் பாதி கடதாசிப் பழுதுதான். 500 தாள் கட்டை உறையோடு வைத்து, அன்றைக்குத் தேவையான இருபது தாளை மட்டும் தட்டில் போடுங்கள். மிச்சத்தைப் பிஸ்கட் டின்னிலோ மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியிலோ அடைத்து வைக்கலாம். 70 கிராம் கடதாசியைவிட 80 கிராம் கடதாசி இந்தக் காலநிலையில் கொஞ்சம் பொறுமைசாலி.

மேலதிக டோனரை முன்கூட்டியே வாங்கி அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். இயந்திரம் "டோனர் குறைவு" என்று சொன்ன பிறகும், கூட்டை எடுத்து இடமும் வலமுமாக ஐந்தாறு தடவை ஆட்டிப் போட்டால் இன்னும் பல பக்கம் ஓடும். அதற்குள் வாங்கிக்கொள்ளலாம்.

## கடையில் பத்து நிமிடம்

புதிதோ பாவித்ததோ, காசு கொடுக்கும் முன்:

1. அந்த மாதிரியின் டோனர் எண்ணை எழுதிக்கொண்டு, அதே கட்டடத்தில் வேறு இரண்டு கடையில் விலை கேளுங்கள். ஒரிஜினலும் கொம்பட்டிபிளும் இரண்டு கடையிலும் கையிருப்பில் இருந்தால் அந்த இயந்திரம் தகுதி பெற்றது. "சொல்லி எடுத்துத் தரலாம்" என்றால் விட்டுவிடுங்கள்.
2. சொன்ன விலையில் வற் வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். 40,000 ரூபாவில் அது 7,200 ரூபா வித்தியாசம்.
3. வொரண்டி யாருடையது, கடையுடையதா, உள்ளூர் முகவருடையதா?
4. பாவித்த இயந்திரம் என்றால் விவரப் பக்கத்தை அச்சிடச் சொல்லுங்கள். பல மாதிரிகளில் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் வரும். இதுவரை அடித்த பக்க எண்ணிக்கை பெரும்பாலும் அதில் இருக்கும்.
5. எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தை அடித்து, சூடு ஆறியதும் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் கறுப்பு வந்தால் பியூசர் களைத்துவிட்டது, அல்லது தூள் தவறானது.
6. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று அடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு புள்ளி விழுந்திருந்தால் அடிமட்டத்தால் அளவுங்கள். சிறிய எச்பி, கனன் இயந்திரங்களில் இடைவெளி 75 மில்லிமீட்டர், பிரதரில் 94 மில்லிமீட்டர் என்றால் காயம் டிரம்மில். டிரம் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்த வகையானால் அது ஒரு டோனரோடு தீரும் பிரச்சினை. அந்த டோனரின் விலையை அங்கேயே கழித்துத் தரச் சொல்லலாம்.